ஆறு மணிப் பயிற்சிக்குப் பிள்ளையைக் கொண்டு வருகிறவர்களுக்கு

ஸ்காபரோ, மார்க்கம், பிக்கரிங், ஏஜாக்ஸ் ஐஸ் அரங்குகளில் விடியப்புறம் நிற்கும் அண்ணைமாருக்கும் அக்காமாருக்கும்,

உங்களில் கனபேரை எனக்கு முகத்தால் தெரியும், பெயரால் தெரியாது. கையில் ரிம் ஹோர்ட்டன்ஸ் கோப்பி, காலில் அந்தக் குளிருக்குப் போதாத சப்பாத்து, ஒரே மாதிரித் தெரிகிற ஹெல்மெட்டுகளுக்குள் எங்கடை பிள்ளை எது என்று தேடும் கண். அங்கே நடக்கும் கதை எப்படித் தொடங்கினாலும் ஓரிடத்தில்தான் போய் நிற்கிறது: "இவன் ஓ.எச்.எல். வரைக்கும் போவானோ?" அதற்குப் பின்னால் சொல்லாமல் விடுகிற கேள்வி, "போனால் என்.எச்.எல். தானே?"

ஒன்ராறியோ ஹொக்கி லீக்கை நாங்கள் ஏ.எல். சோதனை போலப் பார்க்கப் பழகிவிட்டோம். பாஸ் பண்ணினால் அடுத்த படி, இல்லாவிட்டால் வீணாய்ப்போன வருடங்கள். இந்தப் பார்வையோடுதான் எனக்குச் சண்டை. பதினாறு முதல் இருபது வயது வரையான பெடியன்கள் ஆடும் இந்த லீக்கில் 20 அணிகள். 17 ஒன்ராறியோவில், இரண்டு மிஷிகனில், ஒன்று பென்சில்வேனியாவில். ஒவ்வொன்றும் ஓர் ஊரின் அணி. அவர்களுக்கென்று ஒரு கிண்ணம், தலைமுறை தலைமுறையாகச் சுமக்கிற கோபதாபங்கள், மறக்காத தோல்விகள் எல்லாம் உண்டு. அங்கே ஆடுகிற பெரும்பாலான பிள்ளைகளுக்கு அதுவே ஹொக்கி வாழ்க்கையின் உச்சம். உங்கள் பிள்ளையை அழைத்துக்கொள்ளப் போவது ஓர் ஊர், படிக்கட்டு அல்ல. அந்த ஊர்களின் கதையைத் தெரியாமல் தொலைபேசி அழைப்புக்குக் காத்திருப்பது நல்லதல்ல என்பதால்தான் இந்த மடல்.

முதலில் கிண்ணத்தின் பெயர். லீக்கின் வெற்றிக் கிண்ணம் ஜே. ரொஸ் ரொபர்ட்சன் கிண்ணம். இவர் ரொறன்ரோவில் 'ஈவினிங் ரெலிகிராம்' பத்திரிகையை நடத்தியவர். உங்களில் யாராவது காய்ச்சல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடுச்சாமத்தில் சிக்கிட்ஸ் மருத்துவமனைக்கு ஓடியிருந்தால் இவருக்குக் கடன்பட்டிருக்கிறீர்கள். அந்த மருத்துவமனையை வளர்த்தெடுத்த பெருங்கொடையாளர் அவர். 1899 முதல் 1905 வரை ஒன்ராறியோ ஹொக்கிச் சங்கத்தின் தலைவராக இருந்தார். விளையாட்டுக்குக் காசு வாங்குவது அவருக்குப் பாவம். அந்தச் சங்கம் எவ்வளவு கண்டிப்பானது என்பதற்கு ஒன்று சொல்கிறேன். 1898இல் பெர்லின் நகர அணி பக்கத்து ஊரான வாட்டர்லூவை வென்றபோது, மகிழ்ச்சியில் நகரபிதா வீரர்களுக்கு ஆளுக்கொரு பத்து டொலர் தங்க நாணயம் கொடுத்தார். காசு வாங்கினீர்கள் என்று சங்கம் அவர்களை இடைநிறுத்தியது. அந்த பெர்லின்தான் இன்றைய கிச்சனர். அதன் ரேஞ்சர்ஸ் அணி ரொபர்ட்சன் கிண்ணத்தைப் பிறகு பலமுறை தூக்கியது. பழைய நாணயங்களை யாரும் ஞாபகப்படுத்தினார்களா தெரியாது.

ரொபர்ட்சன் கிண்ணத்தை வென்ற அணி, மேற்கு லீக்கின் வெற்றியாளரோடும் கியூபெக் லீக்கின் வெற்றியாளரோடும் மெமோரியல் கிண்ணத்துக்கு மோதும். 1983 முதல் போட்டியை நடத்தும் ஊரின் அணிக்கும் இடமுண்டு. முதல் உலகப்போரில் மாண்ட கனடியப் படையினரின் நினைவாக 1919இல் தொடங்கிய கிண்ணம் அது. முதன்முதலில் அதை வென்றது யார் என்று உங்கள் பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள். யூ.ரி.எஸ். ஆம், அதே யூனிவர்சிற்றி ஒஃப் ரொறன்ரோ ஸ்கூல்ஸ். நுழைவுச் சோதனைக்காக நாங்கள் நாலாம் வகுப்பிலிருந்தே ரியூஷன் தேடி அலைகிறோமே, அந்தப் பள்ளிக்கூடம்தான். ரெஜைனாவிலிருந்து வந்த அணியை இரண்டு ஆட்டங்களிலும் கோல் மேல் கோலாக அடித்துத் துவைத்தார்கள். படிப்புக்கு ஒரு பிள்ளை, ஹொக்கிக்கு ஒரு பிள்ளை என்று வீட்டிலே பாகம் பிரிக்கிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

ஆனால் படிப்பும் இந்த ஆட்டமும் ஒற்றுமையாக வாழ்ந்தன என்று சொன்னால் அது பொய். ரொறன்ரோவில் பசிலியன் பாதிரிமார் நடத்திய செயின்ட் மைக்கல்ஸ் கல்லூரி 1934, 1945, 1947, 1961 ஆகிய ஆண்டுகளில் மெமோரியல் கிண்ணத்தை வென்றது. (உங்கள் கோப்பிக் கோப்பையில் பெயர் போட்டிருக்கும் ரிம் ஹோர்ட்டன் நாற்பதுகளின் கடைசியில் அங்கே ஆடியவர்தான்.) 1961இல் கிண்ணத்தை வென்ற கையோடு கல்லூரி லீக்கை விட்டு விலகியது. ஆட்டங்கள் கூடிக்கொண்டு போகின்றன, பிரயாணம் நீள்கிறது, படிப்பு கெடுகிறது, முரட்டுத்தனம் கூடுகிறது என்பது பாதிரிமாரின் கணக்கு. அடுத்த வருடம் சிறிய லீக் ஒன்றில் ஆடிப்பார்த்துவிட்டு அதையும் மூடினார்கள். 1961 அணியின் பயிற்றுநரான பாதிரியார் டேவிட் பவர், பிறகு பல்கலைக்கழக மாணவர்களைச் சேர்த்து ஒரு தேசிய அணி கட்டி 1964 இன்ஸ்ப்ரூக் ஒலிம்பிக்ஸுக்குக் கொண்டுபோனார். பதக்கம் கிடைக்கவில்லை. வென்றுகொண்டிருக்கும்போதே 'போதும்' என்று சொன்ன இந்தக் கல்லூரியின் முடிவை, இந்த லீக்கின் வரலாற்றில் ஆகத் துணிச்சலான ஒன்றாகவே நான் நினைக்கிறேன்.

இனி ஒஷாவாவுக்கு வருவோம். 401இல் எங்களுக்கு ஆகக் கிட்ட இருக்கிற அணி இதுதான். ஜெனரல்ஸ் என்ற பெயர் படைத் தளபதியிலிருந்து வந்ததல்ல, ஜெனரல் மோட்டர்ஸிலிருந்து வந்தது. ரொபர்ட்சன் கிண்ணத்தை அதிகம் வென்ற அணியும் இதுவே, 13 முறை. அதில் 1938 முதல் 1944 வரை தொடர்ந்து ஏழு வருடம். உலகம் முழுக்க யுத்தம் நடக்க, இங்கே ஒரு கார்த் தொழிற்சாலை ஊர் கிண்ணத்தை விட்டுக்கொடுக்கவேயில்லை. பிறகு 1953இல் அரங்கு எரிந்தது. ஒன்பது வருடம் அணியே இல்லை. 1962இல் திரும்பி வந்தபோது கூடவே ஒரு பதினாலு வயதுப் பெடியனும் வந்தான். பெயர் பொபி ஓர்.

அந்தப் பெடியனின் தாயைப் பற்றித்தான் உங்களோடு கதைக்க வேண்டும். பொஸ்ரன் புரூயின்ஸ் அவனை மடக்கிப்போட ஆள்மேல் ஆளாக அவனுடைய ஊரான பாரி சவுண்டுக்கு அனுப்பியது. அந்தக் காலத்தில் என்.எச்.எல். அணிகள் சிறுவர்களைப் பதினாலு வயதிலேயே கையெழுத்து வாங்கிக் கட்டிப்போடலாம். ஒப்பந்தத்தில் பொபியின் குடும்பத்தின் வீட்டுச் சுவருக்குச் சாந்து பூசித் தருவதும் ஒரு நிபந்தனை. காசை விடுங்கள். இந்த வயதில் பிள்ளை வீட்டை விட்டுப் போகக்கூடாது என்பதில் தாய் உறுதியாக நின்றார். அதனால் முதல் வருடம் அவன் அணியோடு தங்கவில்லை, பயிற்சிக்கும் போகவில்லை. கிழமை முழுக்க பாரி சவுண்டில் பள்ளிக்கூடம், ஆட்டத்துக்கு மட்டும் பல மணி நேரக் கார்ப்பயணம். அப்படி ஆடியும் உலகம் கண்ட ஆகச் சிறந்த பின்களக்காரன் ஆனான். 'இந்த வருடம் அனுப்பாவிட்டால் எல்லாம் போச்சு' என்று யாராவது உங்களுக்குச் சொன்னால் ஓரின் தாயை நினைத்துக்கொள்ளுங்கள்.

பொபி ஓர் ஒஷாவாவுக்கு 1966இல் ரொபர்ட்சன் கிண்ணத்தை வாங்கிக் கொடுத்தார். மெமோரியல் கிண்ண இறுதிச்சுற்றில் காயத்தோடு ஆடி எட்மன்ரனிடம் தோற்றார். வெய்ன் கிரெட்ஸ்கி சூ செயின்ட் மரியில் ஒரு வருடம் ஆடினார், கிண்ணம் இல்லை. கொனர் மக்டேவிட், வயது காணாதென்ற விதியிலிருந்து விசேட விலக்குப் பெற்று பதினைந்து வயதில் ஈரி அணிக்கு வந்தவர். 2015 இறுதிச்சுற்றில் அவரும் தோற்றார். தோற்ற அணியில் இருந்துகொண்டே தொடரின் சிறந்த வீரர் விருதை வாங்கியது பெரிய விசயந்தான். ஆனால் கிண்ணம் போனது ஒஷாவாவுக்கு.

அந்த 2015 ஒஷாவா அணியில் அந்தனி சிரெல்லி என்றொரு பெடியன். உங்களுக்குத் தெரியும், ட்ராஃப்ட் நாளில் பதினைந்து சுற்று, ஒவ்வொரு சுற்றிலும் அணிகள் வரிசையாகப் பெயர் சொல்லும். வீட்டில் எல்லாரும் கணினித் திரையைப் பார்த்துக்கொண்டிருப்போம். சிரெல்லியின் பெயரை ஓர் அணியும் சொல்லவில்லை. தெரிவாகாத ஆளாகத்தான் ஒஷாவாவின் பயிற்சி முகாமுக்குப் போனார், இடம் பிடித்தார். மெமோரியல் கிண்ண இறுதிப் போட்டி கியூபெக் நகரில், கெலோனாவுக்கு எதிராக. 2-1 என்று ஒஷாவா வென்றது. இரண்டு கோலும் சிரெல்லி அடித்தவை, இரண்டாவது மேலதிக நேரத்தில். பிறகு ரம்பாபே அணியோடு ஸ்ரான்லி கிண்ணமும் வென்றார். தெரிவு செய்கிறவர்களுக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்து, பதினைந்து வயதில் பெயர் வராத பிள்ளையை வீட்டில் வைத்துத் துக்கம் கொண்டாடாதீர்கள்.

ஒஷாவா அரங்கின் கூரையில் அந்தப் பதாகைகள் எல்லாம் தொங்குகின்றன. நான் போன ஒருநாள் பக்கத்து ஆசனத்தில் ஒரு பாட்டி, மடியில் கம்பளிப் பின்னல். ஆட்டம் முழுக்க ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமலே நடுவருக்குப் பேச்சு விழுந்துகொண்டிருந்தது, அதுவும் ஒவ்வொரு முறையும் சரியான விதியைச் சொல்லி. ரொறன்ரோவில் இப்படியொரு பாட்டியைக் காண்பது கஷ்டம். ஏனென்றால் ரொறன்ரோவில் அணியே இல்லை.

இது விசித்திரமான கதை. மெமோரியல் கிண்ணத்தை வேறு எந்த அணியையும் விட அதிகமாக, ஏழு முறை, வென்றது ரொறன்ரோ மார்ல்பரோஸ். 1989இல் அது ஹமில்ரனுக்குப் போய், 1991இல் குவெல்ஃபுக்குப் போய் ஸ்ரோம் ஆனது. குவெல்ஃபில் ஏன் இடம் காலியாக இருந்தது? அங்கே இருந்த பிளேற்றர்ஸ் அணி 1986இல் மெமோரியல் கிண்ணத்தையே வென்றுவிட்டு, மூன்றே வருடத்தில் ஓவன் சவுண்டுக்கு மூட்டை கட்டிவிட்டது. செயின்ட் மைக்கல்ஸ் பெயரை 1997இல் மீண்டும் உயிர்ப்பித்தார்கள், 2007இல் அது மிசிசாகாவுக்கு மாறியது, 2012இல் பெயரை உதறி ஸ்ரீல்ஹெட்ஸ் ஆனது, 2024இல் பிரம்ரனுக்கு நகர்ந்தது. பிரம்ரனில் முன்பிருந்த பட்டாலியன் 2013இல் நோர்த் பேக்குப் போய்விட்டிருந்தது. மிசிசாகாவின் ஐஸ்டோக்ஸ் செயின்ட் கத்தரின்ஸுக்கு. ரொறன்ரோ பெரும்பாகம் இந்த லீக்குக்கு ஏராளமான பிள்ளைகளைக் கொடுக்கிறது, அணிகளை மட்டும் வைத்திருக்கத் தெரியவில்லை. மேப்பிள் லீஃப்ஸ் மீதான பக்தி வேறெதற்கும் இடம் விடுவதில்லை என்பது என் அபிப்பிராயம்.

ஓவன் சவுண்ட் எங்கே என்று தேடுகிறீர்களா? ஜோர்ஜியன் குடாவின் கரையில், 22,000க்கும் குறைவான மக்கள். லீக்கின் ஆகச் சிறிய ஊர். 2011 இறுதித் தொடரில் மிசிசாகாவும் ஓவன் சவுண்டும் மோதின. ஏழாவது ஆட்டம், அதுவும் மிசிசாகா அரங்கில், அதுவும் மேலதிக நேரத்தில் முடிந்தது. ஜரொட் மெய்டன்ஸ் அடித்த கோலோடு கிண்ணம் சின்ன ஊருக்குப் போனது. எங்களுக்கு வீட்டுக்குப் பக்கத்தில் நடந்த சரித்திரம், எங்களில் எத்தனை பேர் கேள்விப்பட்டோம்?

அதே ஓவன் சவுண்டில் நாலு வருடம் ஆடியவர் ஜோயல் வோர்ட். ஸ்காபரோவில் வளர்ந்தவர், பெற்றோர் பார்படோஸ்காரர். தகப்பன் இவருடைய ஆட்டத்தைப் பார்க்க வந்த இடத்திலேயே பக்கவாதம் வந்து, பிள்ளை பதினாலு வயதாயிருக்கும்போது இறந்துபோனார். ஓவன் சவுண்டில் முடித்தபோது எந்த என்.எச்.எல். அணியும் இவரை எடுக்கவில்லை. பிரின்ஸ் எட்வர்ட் தீவில் பல்கலைக்கழகத்துக்குப் போனார். நாலு வருடம் சமூகவியல் படித்தார், அங்கேயும் ஆடினார். 26 வயதில் முதன்முறையாக என்.எச்.எல். பனியில் கால் வைத்து, 700க்கும் மேற்பட்ட ஆட்டங்கள் ஆடிவிட்டுத்தான் ஓய்ந்தார். எங்கள் தெருக்களில் வளர்ந்த பிள்ளை. இந்தக் கதையில் படிப்பு தோற்றவனுக்குக் கொடுக்கும் ஆறுதல் பரிசாக வரவில்லை, அதுதான் வழியாகவே இருந்தது.

தெற்காசிய முகம் வேண்டுமென்றால் மனி மல்ஹோத்ராவைப் பாருங்கள். மிசிசாகாவில் பிறந்தவர், தகப்பன் இந்தியர், தாய் பிரெஞ்சுக் கனடியர். 1998இல் குவெல்ஃபுக்குக் கப்டனாக நின்று ரொபர்ட்சன் கிண்ணத்தைத் தூக்கினார். 2025இல் அபட்ஸ்ஃபோர்ட் அணியின் பயிற்றுநராகக் கால்டர் கிண்ணத்தையும் வென்றார்.

பெடியன்களுக்கு ஊரைத் தெரிவுசெய்யும் உரிமை இருக்கிறதா? எரிக் லின்ட்ரோஸின் குடும்பம் இருக்கிறது என்றது. 1989இல் சூ செயின்ட் மரி இவரை முதலாவதாக எடுத்தது. அவ்வளவு தூரம் போனால் படிப்பும் போகும் என்று பெற்றோர் மறுத்துவிட்டார்கள். கடைசியில் ஒஷாவாவுக்கு மாற்றப்பட்டு, 1990இல் மெமோரியல் கிண்ணத்தையும் வென்றார். சூ அதை மறக்கவில்லை. அடுத்த வருடம் லீக் இறுதித் தொடரில் ஒஷாவாவைச் சந்தித்தது, நாலுக்கு இரண்டு என்று வென்றது. அந்த ஊருக்கு அந்த வெற்றி எவ்வளவு இனித்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. ஆனால் லின்ட்ரோஸின் தாயும் தகப்பனும் கேட்ட கேள்வி நியாயமானது என்பதே என் எண்ணம். கேட்டவிதம் வேறு விசயம்.

அண்மைய ஆண்டுகளின் ராஜாக்கள் லண்டன் நைட்ஸ். 2000இல் மார்க், டேல் ஹன்ரர் சகோதரர்கள் அணியை வாங்கிய பிறகு வந்த ரொபர்ட்சன் கிண்ண வெற்றிகள்: 2005, 2012, 2013, 2016, 2024, 2025. 2024இல் மெமோரியல் கிண்ணத்தைச் சாகினோவிடம் இழந்தார்கள், 2025இல் ரிமூஸ்கியில் மெடிசின் ஹட் அணியை 4-1 என்று தோற்கடித்து எடுத்தார்கள். அன்று தோற்ற பக்கத்தில் இருந்த கவின் மக்கென்னா அடுத்த மாதம் ஓர் அறிவிப்பு விட்டார்: பென் ஸ்ரேற் பல்கலைக்கழகத்துக்குப் போகிறேன் என்று.

இந்த அறிவிப்பு உங்களுக்கு ஏன் முக்கியம் என்று சொல்கிறேன். பல தசாப்தங்களாக அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுச் சங்கமான என்.சி.ஏ.ஏ. ஒரு சட்டம் வைத்திருந்தது. கனடாவின் இந்த மூன்று லீக்குகளில் ஆடியவன் தொழில்முறை வீரன், எனவே அமெரிக்கக் கல்லூரியில் ஆடமுடியாது. பதினாறு வயதில் ஓ.எச்.எல். பக்கம் போவதா, அமெரிக்கக் கல்லூரிக்காகப் பொறுப்பதா என்று குடும்பங்கள் சண்டைபிடித்தது இதனால்தான். 2024 நவம்பரில் அந்தச் சட்டத்தைத் தளர்த்த வாக்களித்தார்கள், 2025 ஓகஸ்ட் முதலாம் திகதி நடைமுறைக்கு வந்தது. காசு வாங்குவதை வெறுத்த மனிதரின் பெயர்கொண்ட கிண்ணத்துக்கு ஆடிய பிள்ளைகளை, காசு வாங்கியவர்கள் என்று இத்தனை காலம் கல்லூரிகள் ஒதுக்கி வைத்திருந்தன.

அவர்கள் உண்மையில் வாங்கியது எவ்வளவு என்பது வேறு கதை. வாரப் படி கொஞ்சம், வீரரைத் தங்கவைக்கும் பில்லெட் குடும்பத்தின் வீட்டில் சாப்பாடும் படுக்கையும். வேலையாட்களுக்குரிய குறைந்தபட்சச் சம்பளம் கேட்டு 2014இல் முன்னாள் வீரர்கள் வழக்குப் போட்டார்கள். 2018இல் ஒன்ராறியோ அரசு இந்த வீரர்களுக்கு வேலைவாய்ப்புச் சட்டம் பொருந்தாது என்று விலக்கு அளித்தது. 2020இல் மூன்று லீக்குகளும் சேர்ந்து மூன்று கோடி டொலருக்குச் சமரசத்துக்கு வந்தன. ரிக்கெட் விற்று, தொலைக்காட்சிக்கு ஆட்டம் விற்று நடக்கும் லீக்கில் பிள்ளை மட்டும் 'மாணவ வீரன்' என்பது எனக்கு இன்னும் செரிக்கவில்லை.

லீக் இதற்குச் சொல்லும் பதில் புலமைப்பரிசில். ஒரு பருவம் ஆடினால் ஒரு வருடக் கல்லூரிக் கட்டணமும் புத்தகச் செலவும் என்பதே அடிப்படைக் கணக்கு. நல்ல ஏற்பாடுதான், வோர்ட் போன்றவர்களின் கதையைப் பார்த்தால் அதன் பெறுமதி விளங்கும். ஆனால் நுணுக்கமான எழுத்தில் இருப்பதைப் படியுங்கள். ஆடி முடித்து எவ்வளவு காலத்துக்குள் படிப்பைத் தொடங்கவேண்டும்? தொழில்முறை ஒப்பந்தம் ஒன்றில் கையெழுத்திட்டால் அது என்ன ஆகும்? இடையில் வேறு அணிக்கு மாற்றினால் யார் பொறுப்பு? காயப்பட்டால்? 68 ஆட்டம், பாதி வெளியூரில், சனிக்கிழமை பின்னிரவு பஸ்ஸில் திரும்பும் பிள்ளைக்குத் திங்கள் காலையில் பள்ளிக்கூடத்தில் யார் உதவி செய்வார்கள், அந்த ஆளின் பெயர் என்ன?

அணியின் ஆள் அழைக்கும்போது மகன் எத்தனையாம் சுற்றில் போவான் என்று கேட்பதற்கு முன் இவற்றைக் கேளுங்கள். ஒரு வெள்ளிக்கிழமை அந்த ஊருக்குப் பிள்ளை இல்லாமல் போய் ஆட்டம் ஒன்றைப் பாருங்கள், இடைவேளையில் வரிசையில் நிற்கிறவர்களோடு கதையுங்கள். பில்லெட் அம்மாவைச் சந்திக்கக் கேளுங்கள். சோறு சமைப்பாரா என்று விசாரிக்க வேண்டாம், பெடியன்கள் பாஸ்ராவில் வாழ்ந்துவிடுவார்கள். வீட்டில் எத்தனை மணிக்கு விளக்கு அணையும் என்று கேளுங்கள். கிடைத்த பதில்களில் முக்கியமானவற்றை ஒப்பந்தத்தில் எழுத்தாகக் கேட்டு வாங்குங்கள். பிழையாக நினைப்பார்களோ என்று கூச்சப்பட வேண்டாம், இந்தக் கேள்விகளைக் கேட்ட முதல் ஆட்கள் நாங்கள் இல்லை.

அன்புடன்,
ஒரு கோலியின் தகப்பன்